பூட்டிய வீட்டில் புகை

வெர்னூஸ், நவம்பர் 3, 1963

ஆந்தெல்முக்கு,

வந்தவன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கலாம். உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்துதான் இருக்கிறது. அப்பாவின் கருமாதிச் சாப்பாட்டில் நீ பேசியதை நான் இன்னும் மறக்கவில்லை, அதற்காகக் கதவைத் திறக்காமல் இருப்பாயா?

நடந்ததைச் சொல்கிறேன். சகல புனிதர் திருநாள் பூசை முடிந்து எல்லோரும் கல்லறைச் சுவரோரம் நின்றோம். மேயர் டெல்ஃபேன் வழக்கம்போல ஒவ்வொரு கூரையாகப் பார்த்துப் புகை எண்ணினார். உன் கூரைக்கு வந்ததும் நிறுத்தினார். நானும் பார்த்தேன். புகைக்கூண்டிலிருந்து நல்ல கெட்டிப் புகை போய்க்கொண்டிருந்தது. "ஆந்தெல்ம் அடுப்பு, ஒண்ணு" என்று சொல்லிவிட்டு அடுத்த கூரைக்குப் போய்விட்டார். யூஃப்ரோசின் என் விலாவில் இடித்து, "என்னடி செலி, தம்பி வந்திருக்கான், ஊருக்கே தெரியுது, உனக்குத் தெரியலயா?" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

நேராக வந்து கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. சன்னல் பலகையில் காதை வைத்துக் கேட்டேன், விறகு வெடிக்கிற சத்தம் கேட்டது. உள்ளே இருந்துகொண்டு சும்மா இருந்தாயா? சாவி என்னிடமும் ஒன்று இருக்கிறது. ஆனால் திறக்க விரும்பாதவன் வீட்டில் நுழைகிற பழக்கம் எனக்கு இல்லை.

மார்ச் மாதம் மாடு மேய்கிற பெரிய மேட்டை விற்பதா வேண்டாமா என்று ஊர் கூடி முடிவெடுக்கிறார்கள். அதற்காகத்தான் வந்தாய் என்றால் நேருக்கு நேர் சொல். இந்தக் கடிதத்தை உன் கதவிடுக்கிலும் போடுகிறேன், கிரெனோபிள் முகவரிக்கும் அனுப்புகிறேன். எங்கே இருக்கிறாயோ அங்கே படித்துக்கொள்.

செலி


கிரெனோபிள், நவம்பர் 10, 1963

செலி அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பிறகு மனைவி ஓடீலிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவளுக்கும் விளங்கவில்லை.

நான் வரவில்லை. சகல புனிதர் நாளில் சிமென்ட் ஆலையில் இருந்தேன். விடுமுறை கேட்டும் கொடுக்கவில்லை. வேண்டுமானால் எங்கள் மேஸ்திரியிடம் எழுதிக் கேள். வெர்னூஸுக்கு வருவதானால் பேருந்தை விட்டு இறங்கியதும் உன் வீட்டு வாசலைத் தாண்டித்தானே என் வீட்டுக்குப் போகவேண்டும்? பறந்தா வருவேன்?

கேட்கத் தயக்கமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன். சாவி உன்னிடம் இருக்கிறது. நீதான் மூட்டிவிட்டு என்னைச் சோதிக்கிறாயா? வெளியூர் போனவனின் அடுப்பைக் காக்கிறவர்தான் ஊர் வாக்கெடுப்பில் அவன் மொச்சையைப் போடுவார் என்பது எனக்கும் நினைவிருக்கிறது. ஒரு மொச்சைக்குப் பதில் இரண்டு போடவேண்டும் என்று நினைத்திருந்தால் என்னிடமே கேட்டிருக்கலாம்.

தப்பாக எழுதியிருந்தால் மன்னித்துவிடு. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஆந்தெல்ம்


வெர்னூஸ், நவம்பர் 24, 1963

ஆந்தெல்முக்கு,

நானா? நான் திருட்டு அடுப்பு மூட்டுவேனா? உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பெரிய மேடு ஏறியவளிடம் இதைக் கேட்க உனக்கு வாய் வந்ததே.

மரியாதைக்காக இந்த ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நம் தாத்தாக்கள் குளிர்காலத்தில் ஊசியும் நூலும் பெட்டியில் சுமந்து, கீழ் நாட்டில் ஊர் ஊராக விற்கப் போனார்கள். அவர்களுடைய அடுப்பை அண்ணன் தம்பி யாராவது காத்தார்கள், போகிறவன் வாயால் கேட்டுக்கொண்ட பிறகு. அவன் கேட்காமல் மூட்டினால் அது திருட்டு அடுப்பு. மூட்டியவனின் சொந்த அடுப்பையும் சேர்த்து ஊர்க் கணக்கிலிருந்து அடித்துவிடுவார்கள். மடத்துச் சாமியார்களிடமிருந்து மேட்டை வாங்கிய நாளிலிருந்து இதுதான் வழக்கம். மேடு பஞ்சாயத்துச் சொத்து இல்லை, எரிகிற அடுப்புகளின் சொத்து; குளிர்காலத்து மூன்று எண்ணிக்கையிலும் புகை தெரிகிற அடுப்புக்குத்தான் ஒரு மொச்சை. இதை எனக்கு நீ கற்றுத்தர வேண்டாம்.

இப்போது கேள். முதல் பனி விழுந்துவிட்டது. உன் வாசலில் ஒரு காலடித் தடம்கூட இல்லை, ஆனால் புகை தினமும் வருகிறது. காலையில் கொஞ்சம், அந்தி சாய்கிறபோது கொஞ்சம். நீரூற்றில் துணி அலசப் போனால் ஒரே கேலி. "உன் தம்பி பகல்ல தூங்குவான் போல" என்கிறாள் ஒருத்தி. "பொண்டாட்டி கிட்ட சண்டை போட்டு வந்திருப்பான், கண்டுக்காத" என்கிறாள் இன்னொருத்தி. பால்கூடத்தில் ஃப்ளோரி, பாலாடைக்கட்டி கிண்டுகிற கரண்டியை நிறுத்திவிட்டு, "செத்துப்போன உங்கப்பாவே குளிருதுன்னு எழுந்து வந்துட்டாரா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பயந்துகொண்டே சாவியைப் போட்டுத் திறந்தேன். உள்ளே யாரும் இல்லை. அடுப்பில் தணல் இருந்தது. விறகு நம்முடையது இல்லை, ஒழுங்காகப் பிளந்த பீச் மரம். எல்லாம் கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. திருடன் கூட்டிப் பெருக்குவானா?

வேறு யாரிடமாவது சாவி கொடுத்தாயா? யோசித்து எழுது.

செலி


கிரெனோபிள், டிசம்பர் 8, 1963

அக்காவுக்கு,

கொடுத்தேன். டெல்ஃபேனிடம்.

ஆகஸ்டில் அவர் இங்கே கண் வைத்தியத்துக்கு வந்தார். ஒரு மாலை என் அறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். கூரைப் பலகை ஒன்று பெயர்ந்திருக்கிறது, பனிக்கு முன்னால் பார்க்கிறேன் என்றார். சாவியைக் கொடுத்தேன். அவ்வளவுதான். அடுப்பு மூட்டச் சொல்லவில்லை. அவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவருடைய மாட்டுக் கொட்டகை என் வீட்டுப் பின்சுவரை ஒட்டித்தானே இருக்கிறது, நடுவில் அந்தப் பழைய கதவு. அதனால்தான் உனக்குத் தடம் தெரியவில்லை.

அவர் மருமகன் மேட்டை வாங்கக் கேட்கிற அந்தப் பனிச்சறுக்கு நிறுவனத்தில் வேலை செய்கிறான் என்று நீதான் எழுதியிருந்தாய். கம்பெனிக்காரர்களை ஊருக்குள் கூட்டிவந்ததும் அவர்தான். அப்படியானால் என் அடுப்பைக் காத்து, என் பெயரில் 'விற்கலாம்' என்று ஒரு மொச்சை போடத்தானே இதெல்லாம்? ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. கேட்டால் நான் மறுப்பேன் என்று நினைத்தாரா? அல்லது கேட்காமலே சம்மதிப்பேன் என்று நினைத்தாரா? எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

பெரிய மேட்டைப் பற்றி உனக்கு ஒன்று எழுதலாமென்று உட்கார்ந்தேன். எழுதி எழுதித் தாளைக் கிழித்துவிட்டேன். இன்னொரு நாள் பார்க்கலாம்.

இங்கே பனி இல்லை. சிமென்ட் தூசிதான் வெள்ளையாக விழுகிறது.

ஆந்தெல்ம்


வெர்னூஸ், பிப்ரவரி 4, 1964

ஆந்தெல்முக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை, கோபத்தில்தான். முதலில் டெல்ஃபேன் மேல், அப்புறம் உன் மேல், அப்புறம் என் மேலேயே.

நேற்று முன்தினம் மெழுகுவர்த்தித் திருநாள், இரண்டாவது எண்ணிக்கை. சூரியன் மலைமுகட்டுக்கு மேலே இன்னும் எட்டிப்பார்க்கவில்லை, ஊர் முழுக்க நிழல். நீல நிழலில் புகை மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. டெல்ஃபேன் எண்ணிக்கொண்டே வந்தார். "ஆந்தெல்ம் அடுப்பு" என்றார். வழக்கப்படி மறுக்கிற உரிமை பக்கத்து வீட்டுக்குத்தான். நான்தான் பக்கத்து வீடு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார்.

"அவன் சொல்லாம மூட்டினது" என்று நான் சொல்லியிருந்தால் டெல்ஃபேனின் அடுப்பு அன்றோடு போயிருக்கும். உன் அடுப்பும் போயிருக்கும். அடித்த அடுப்பை மறுபடி எழுதவேண்டுமானால் நீ இங்கே முழுக் குளிர்காலம் வாழ்ந்து காட்டவேண்டும். நீ வாழமாட்டாய். அப்பா வீடு வெறும் கல்குவியல் ஆகிவிடும், உன் பிள்ளைகளுக்கு இந்த ஊரில் ஒரு புல்கூடச் சொந்தமில்லை. சொல்லாமல் விட்டால் உன் பெயரைச் சொல்லி மேட்டை விற்றுவிடுவார்கள். மேடு போனால் மாடு போகும், மாடு போனால் பால்கூடம் போகும், அப்புறம் இந்த உருளைக்கிழங்குப் பாத்திகளை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? கம்பெனிக்காரன் ஓட்டலில் தட்டுக் கழுவுவதா?

வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். டெல்ஃபேன் அடுத்த கூரைக்குப் போனார்.

ஒன்றை மட்டும் சொல். நீயே வந்து மொச்சை போட்டால் எந்தப் பக்கம் போடுவாய்? "கல்லும் சாணியும் தவிர இங்க என்ன இருக்கு, வித்துத் தொலைங்க" என்று கருமாதிச் சாப்பாட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னாயே, அதுதானா உன் முடிவு? எனக்குத் தெரியவேண்டும். தெரிந்தால்தான் மார்ச்சில் வாயைத் திறப்பதா மூடுவதா என்று முடிவு செய்யமுடியும்.

செலி


கிரெனோபிள், பிப்ரவரி 16, 1964

அக்காவுக்கு,

அன்று சொன்னதையே இன்னும் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறாய். அப்படியானால் அதுதான் என் முடிவு என்று வைத்துக்கொள். நான் வேறு எதைச் சொன்னாலும் நம்பவா போகிறாய்?

என்னால் உனக்குத் தொந்தரவு வேண்டாம். நீ எதையும் மறுக்கவும் வேண்டாம், சகிக்கவும் வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆந்தெல்ம்


வெர்னூஸ், மார்ச் 5, 1964

ஆந்தெல்முக்கு,

உன் கடிதம் வந்தது. என்ன பார்த்துக்கொள்ளப் போகிறாய்? அங்கிருந்தே புகையை ஊதி அணைப்பாயா?

இங்கே ஒரு செய்தி. போன வாரம் டெல்ஃபேன் கொட்டகை வாசலில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். சறுக்குக் கட்டையில் கட்டிக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்று மாலை உன் கூரையில் புகை இல்லை. நான் என் சன்னலில் நின்று, நல்லதாகப் போயிற்று, யாரும் வாயைத் திறக்கவேண்டாம், கடவுளே பார்த்து அணைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

மறுநாளும் புகை இல்லை. கூரைப் பனி உருகாமல் கனத்துக் கிடந்தது. அதற்கும் அடுத்த நாள் நான் சாவியை எடுத்துக்கொண்டு போய் அடுப்பை மூட்டிவிட்டேன்.

ஏன் என்று கேட்காதே. உன் பெயரில் மொச்சை போட அல்ல. முதல் நாள் அந்த நினைப்பே இல்லை. இரண்டாம் நாள் வந்தது, பொய் சொல்லமாட்டேன். உன் மொச்சையை நீ விற்கப் போடுவாய் என்று தெரிந்தே, 'வேண்டாம்' என்று போட எனக்குக் கை வருமா என்று யோசித்துப் பார்த்தேன். வராது என்றுதான் தோன்றுகிறது. ஆனால் தினமும் போய் மூட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நீ வாயால் கேட்டுக்கொண்டால் இது திருட்டு அடுப்பு இல்லை. 'அக்கா, காத்துக்கொள்' என்று ஒரு வரி எழுது. மொச்சையை எந்தப் பக்கம் போடச் சொல்கிறாயோ அந்தப் பக்கமே போடுகிறேன், சத்தியம்.

கீழே பனிச்சரிவு விழுந்து பாதை அடைத்திருக்கிறது. தபால் எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியவில்லை. இருந்தாலும் எழுது.

செலி


கிரெனோபிள், மார்ச் 8, 1964

அக்காவுக்கு,

முடித்துவிட்டேன். மேயர் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டுவிட்டேன். "வெர்னூஸில் உள்ள என் வீட்டு அடுப்பை மூட்டும்படி நான் யாரையும் கேட்டுக்கொண்டதில்லை. அங்கே புகை வந்தால் அது என் புகை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டெல்ஃபேன் பெயரைக் குறிப்பிடவில்லை, வயதானவர். மூட்டியவர் தானே மாட்டிக்கொள்ளட்டும்.

என் அடுப்பு போகும். போகட்டும். என் பெயரில் யாரும் மேட்டை விற்கமுடியாது. நீ வாயைத் திறந்த பழியும் உனக்கு இல்லை. இதைவிட வேறு எப்படி உனக்கு உதவுவதென்று எனக்குத் தெரியவில்லை. இதையாவது நம்பு.

ஆந்தெல்ம்


வெர்னூஸ், மார்ச் 20, 1964

ஆந்தெல்முக்கு,

பாதை நேற்றுக் காலைதான் திறந்தது. நேற்றுதான் சூசையப்பர் திருநாள், கடைசி எண்ணிக்கையும் மொச்சை போடுகிற நாளும்.

பூசை முடிந்து நாங்கள் கல்லறைச் சுவரோரம் நின்றபோது தபால்காரன் மூட்டையோடு மேலே வந்தான். அலுவலகக் கடிதத்தை ஃப்ளோரி கையில் கொடுத்தான். டெல்ஃபேனுக்குப் பதிலாக அவன்தான் எண்ணினான். டெல்ஃபேன் கட்டுப்போட்ட காலை நீட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பாதை திறந்ததும் அன்று காலைதான் சறுக்குக் கட்டையில் வந்து சேர்ந்தார். உனக்கு நான் எழுதியது அதே நேரம் இங்கே ஊர்த் தபால்பெட்டியிலேயே கிடந்தது. நீ எனக்கு எழுதியது தபால்காரன் பையில் கிடந்தது. அதை நான் மாலையில்தான் பிரித்தேன்.

ஃப்ளோரி உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பி உன் கூரையைப் பார்த்தார்கள். புகை போய்க்கொண்டிருந்தது. காலையில் நான் வைத்த விறகு.

"இன்னிக்கு மூட்டினது யாரு?" என்று ஃப்ளோரி கேட்டான்.

"நான்தான்" என்றேன்.

"அவன் சொல்லித்தான் மூட்டினியா?"

"இல்ல."

"ரெண்டு மொச்சை போடலாம்னு பாத்தியாக்கும்" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. டெல்ஃபேன் பெயர் என் நாக்கு நுனி வரை வந்தது. அவரைப் பார்த்தேன். அவர் கைத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை. இவ்வளவு நேரம் அவருக்கே சொல்ல மனம் வரவில்லை என்றால் நான் எதற்குக் கெஞ்சவேண்டும்?

உன் அடுப்பை அடித்தார்கள், என் அடுப்பையும் அடித்தார்கள். நான் பிறந்ததிலிருந்து இந்த ஊரை விட்டு ஒரு குளிர்காலம்கூட வெளியே போகாதவள். பால் வாளியில் மொச்சை போடும்போது நான் சுவருக்கு வெளியே நின்றேன், கம்பெனிக்காரனின் வண்டியோட்டிக்குப் பக்கத்தில். அவன் எனக்கு ஒரு சிகரெட் நீட்டினான்.

கறுப்பு மொச்சை ஒன்று அதிகம். விற்பது என்று முடிவாகிவிட்டது. ஒன்றே ஒன்று. நான் உள்ளே இருந்திருந்தால் சரிபாதி ஆகியிருக்கும், இந்த வருடம் தள்ளிப்போயிருக்கும்.

எனக்கு உதவத்தான் எழுதினாய், தெரிகிறது. எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. எது வரவேண்டும் என்றே தெரியவில்லை.

செலி


கிரெனோபிள், மார்ச் 29, 1964

அக்கா,

உன்னுடைய இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. 'காத்துக்கொள் என்று ஒரு வரி எழுது' என்ற கடிதத்தைத்தான் இரண்டாவதாகப் படித்தேன்.

இன்று ஈஸ்டர். ஓடீல் ஆட்டுக்கறி சமைத்தாள், எனக்கு இறங்கவில்லை. டெல்ஃபேனைப் பிடிக்க வைத்த கண்ணியில் உன் காலை மாட்டிவிட்டேன். அலுவலகத்துக்கு மறுபடி எழுதினேன், அக்காவை நான்தான் கேட்டுக்கொண்டேன், மறந்துபோய் எழுதிவிட்டேன் என்று. ஒப்புக்கொள்ளமாட்டார்கள். எண்ணிக்கை முடிந்த பிறகு வந்த சொல்லுக்கு நம் ஊரில் என்ன மதிப்பு என்று எனக்கே தெரியும்.

நீ ஏன் மூட்டினாய் என்று கேட்காதே என்கிறாய். நான் கேட்கவில்லை. ஆனால் அதை நினைத்துக்கொண்டே வேலைக்குப் போகிறேன், வருகிறேன்.

உன் தம்பி
ஆந்தெல்ம்


வெர்னூஸ், மே 17, 1964

ஆந்தெல்முக்கு,

உன் மறு கடிதத்தை ஒப்புக்கொள்ளவில்லை. நீ சொன்னதுபோலத்தான்.

மேட்டில் பனி போய்விட்டது. கம்பெனி ஆட்கள் கம்பம் நடுகிற இடங்களில் சிவப்பு வண்ணம் பூசிக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கோடைக்கு மட்டும் மேய்த்துக்கொள்ளலாம் என்று அடுப்பு உள்ளவர்களுக்குச் சொல்லிவிட்டார்கள். எனக்குச் சொல்லவில்லை. என் மாடுகளை யூஃப்ரோசின் தன் மாடுகளோடு ஓட்டிப்போகிறாள். எவ்வளவு கேலி செய்தாலும் அவளுக்கு நல்ல மனசு.

நேற்று டெல்ஃபேன் ஊன்றுகோலோடு என் வாசலுக்கு வந்தார். நான் உள்ளே கூப்பிடவில்லை, அவர் படியிலேயே நின்றார்.

"செலி, நான் போட்டது வெள்ளை மொச்சை" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "எதுக்கு?" என்று கேட்டேன்.

"எதுக்குன்னா? மேட்ட விக்கக் கூடாதுன்னுதான். மருமகன் இருக்கான், மாவட்ட ஆபீஸ் இருக்கு, வெளிய சொல்ல முடியாதும்மா. வாளிக்குள்ள கைய விட்டா யாருக்குத் தெரியும்? அன்னிக்கு நான்தான் மூட்டினேன்னு எந்திரிச்சிருந்தா என் மொச்சையும் போயிருக்கும். அதான் உக்காந்தே இருந்துட்டேன். உன்ன அடிக்கும்போதும் உக்காந்தே இருந்தேன்."

"அப்ப எந்தம்பி வீட்டுல எதுக்கு மூட்டினீங்க? அவன் விக்கணும்னு சொல்றவனாச்சே."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "யாரு, ஆந்தெல்மா? ஆகஸ்ட்ல அவன் ரூம்ல உக்காந்து எங்கிட்ட சின்னப் புள்ள மாதிரி அழுதான்மா. மேட்ட வித்துடாதீங்க, எனக்குத் திரும்பி வர்றதுக்கு அது ஒண்ணுதான் இருக்குன்னான். உங்கிட்ட சொல்லலியா? அவன் மொச்ச வெள்ளைன்னு எனக்கு நிச்சயமாத் தெரியும். அதனாலதான் மூட்டினேன்."

அவர் போனபிறகு படியிலேயே உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். அவர் வெள்ளை, நான் வெள்ளை, நீ வெள்ளை. மூன்று பேரும் ஒரே பக்கம் நின்றுகொண்டு ஒருவர் அடுப்பை ஒருவர் அணைத்திருக்கிறோம். நீயும் நானும் உள்ளே இருந்திருந்தால் மேடு நம்மிடமே இருந்திருக்கும்.

டெல்ஃபேன் முன்னால் அழ உன்னால் முடிந்தது. அவர் நமக்கு மாமன் இல்லை, மச்சான் இல்லை. குளிர்காலம் முழுக்க எந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்று உன்னைக் கேட்டுக்கொண்டே இருந்தவள் நான். அந்த ஒரு வார்த்தையை எனக்கு எழுதியிருக்கலாமே தம்பி.

செலி அக்கா